பாவிஸ் மன்றத்தில் 68-க்கு 24: பெரும்பான்மை இல்லாத கூட்டணி எப்படி நிற்கிறது?

கோபி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறும் குடிமையியலும் கற்பிக்கிறேன். என் தங்கை வேல்ஸின் நடுப்பகுதியில், பாவிஸ் கவுண்டியைச் சேர்ந்த நியூடவுன் என்னும் ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியராக வேலை பார்க்கிறாள். சென்ற வாரம் அவளுக்கு வாக்காளர் பதிவு பற்றிய கடிதம் ஒன்று வந்திருக்கிறது. வெல்ஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருந்த அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பி, "நான் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவள், எனக்கு எதற்கு இது? இங்கே கவுன்சிலை ஆள்வது யார் என்று உடன் வேலை செய்பவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு கட்சியின் பெயரைச் சொல்கிறார்கள்" என்று எழுதியிருந்தாள். ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிற எனக்கே விடை தெரியவில்லை என்று அவளிடம் ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்ததால், இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகு குழப்பம் கூடிவிட்டது.

2022 மே 5 அன்று வேல்ஸின் 22 உள்ளாட்சி மன்றங்களுக்கும் (கவுன்சில்களுக்கும்) ஒரே நாளில் தேர்தல் நடந்திருக்கிறது. பாவிஸ் மன்றத்தின் 68 இடங்களில் லிபரல் டெமாக்ரட் கட்சி 24, சுயேச்சைகள் 17, கன்சர்வேட்டிவ் கட்சி 14, லேபர் கட்சி 9, வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி 3, பசுமைக் கட்சி 1 என்று பெற்றிருக்கின்றன. பெரும்பான்மைக்கு 35 வேண்டும். லிபரல் டெமாக்ரட்டும் லேபரும் கூட்டணி அமைத்து, லிபரல் டெமாக்ரட் கட்சியின் ஜேம்ஸ் கிப்சன்-வாட் மன்றத் தலைவரானார் என்று படித்தேன். ஆனால் 24-உம் 9-உம் சேர்ந்தால் 33 தானே? இரண்டு குறைகிறதே. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகள் சுயேச்சைகளும் கன்சர்வேட்டிவ்களும் சேர்ந்து ஆண்டிருக்கிறார்கள். அவர்களுடைய 31-க்கும் இவர்களுடைய 33-க்கும் அப்படியொன்றும் பெரிய இடைவெளி இல்லையே. அவர்கள் ஏன் விட்டுக்கொடுத்தார்கள்? ஆளுநரைப் போல யாராவது பெரிய கட்சியை முதலில் அழைப்பார்களா? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் தங்கைக்கும் சொல்வேன், பதினொன்றாம் வகுப்புக்கும் சொல்வேன்.

பவானிசாகர்:

ஆசிரியை அம்மணிக்கு வணக்கம். ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பேரன் கார்டிஃபில் படிப்பதால் அந்த ஊர் உள்ளாட்சி விவகாரங்களைக் கொஞ்சம் தொடர்ந்து படித்து வருகிறேன். உங்களுடைய கூட்டல் சரியானது. ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட்டால்தான் விடை தெரியும் என்பது என் கருத்து. அதற்கு முன் அந்த நிலத்தைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன்.

பாவிஸின் பரப்பு ஏறத்தாழ 5,200 சதுர கிலோமீட்டர், அதாவது வேல்ஸில் நான்கில் ஒரு பங்கு. நம் ஈரோடு மாவட்டம் 5,722 சதுர கிலோமீட்டர். பரப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஈரோட்டில் 2011 கணக்கெடுப்பின்படி இருபத்திரண்டரை இலட்சம் பேர் இருந்தோம், பாவிஸிலோ 2021 கணக்கெடுப்பில் 1,33,000 பேர்தான். தாளவாடி மலையையும் பவானி ஆற்றங்கரையையும் காலிங்கராயன் பாசனத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, மக்களில் பதினேழில் பதினாறு பேரை எடுத்துவிட்டு, மேடெல்லாம் செம்மறியாடு விட்டால் எப்படியிருக்குமோ, அப்படிப்பட்ட ஊர் அது. மாண்ட்கமரிஷயர், ராட்னர்ஷயர், பிரெக்னக்ஷயர் என்று தனித்தனியாக இருந்த மூன்று பழைய கவுண்டிகளை 1974-இல் சேர்த்து ஒன்றாக்கினார்கள். 1996-இல் வேல்ஸ் முழுவதும் 22 ஒற்றையடுக்கு மன்றங்கள் வந்தபோது பள்ளிக்கூடம், சாலை, குப்பை, நூலகம், முதியோர் பராமரிப்பு, கட்டட அனுமதி எல்லாம் இந்த ஒரே மன்றத்தின் கைக்கு வந்தன. அதற்குக் கீழே நம் கிராம ஊராட்சிபோலச் சமூக மன்றங்கள் உண்டு. அவற்றின் அதிகாரம் மிகச் சிறிது. ஆகவே நியூடவுனில் ஒரு தொடக்கப் பள்ளியை மூடுவதா வேண்டாமா என்பதும், உங்கள் தங்கை வேலை பார்ப்பது போன்ற இல்லங்களில் ஒரு முதியவருக்கு மன்றம் எவ்வளவு பணம் தரும் என்பதும் லாண்ட்ரின்டாட் வெல்ஸ் என்னும் சிறு நகரில் கூடும் இந்த 68 பேரிடம்தான் வந்து நிற்கின்றன.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அங்கே ஆளுநர் இல்லை. யாரும் யாரையும் அழைப்பதில்லை. தேர்தல் முடிந்தபின் கூடும் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊரில் ஒன்றியக்குழுத் தலைவருக்கு நடக்கும் மறைமுகத் தேர்தலைப் போன்றதுதான். வந்திருந்து வாக்களிப்பவர்களில் எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கம் வெற்றி. எனவே தலைவராக விரும்புகிறவர் "என் பின்னால் 35 பேர் இருக்கிறார்களா?" என்று எண்ணுவதைவிட, "எனக்கு எதிராக 35 பேர் ஒன்றாகக் கை தூக்குவார்களா?" என்று எண்ணுவதே முறை. இப்போது மறுபக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். சுயேச்சைகள் 17, கன்சர்வேட்டிவ் 14, பிளைட் கம்ரி 3, பசுமை 1. மொத்தம் சரியாக 35. கூட்டணியை வீழ்த்துவதற்கு அந்த 35 பேரில் ஒருவர்கூடக் குறையாமல், ஒருவர்கூட உடல்நலமின்றி வீட்டில் இருந்துவிடாமல், ஒரே பெயருக்கு வாக்களிக்க வேண்டும். ஒருவர் இப்பக்கம் வந்தால் 34-க்கு 34 ஆகிவிடும். சமமானால் கூட்டத்தை நடத்துபவரின் கூடுதல் வாக்கு முடிவு செய்யும். (நம் ஊரில் சமமானால் குலுக்கல். நான் பணியாற்றிய ஒன்றியம் ஒன்றில் துண்டுச் சீட்டை எடுக்கச் சொல்லி அலுவலக உதவியாளரின் கையை நீட்டச் சொன்னபோது, அவர் கை நடுங்கிய நடுக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.)

அந்த 35 பேர் ஒன்றுசேர முடியுமா என்பதே அடுத்த கேள்வி. வேல்ஸின் விடுதலையை நோக்கமாகக் கொண்ட பிளைட் கம்ரியும், பிரிட்டன் என்னும் ஒன்றியத்தைக் கட்டிக்காப்பதைக் கொள்கையாகக் கொண்ட கன்சர்வேட்டிவும் ஒரே தலைவருக்குக் கை தூக்குவது எளிதன்று. பசுமைக் கட்சிக்காரருக்கும் அவ்வாறே. இதில் 2019-ஆம் ஆண்டின் ஒரு நிகழ்வையும் நினைக்க வேண்டும். பாவிஸின் தென்பாதியை உள்ளடக்கிய பிரெக்கன்-ராட்னர்ஷயர் நாடாளுமன்றத் தொகுதியில் அந்த ஆகஸ்டில் இடைத்தேர்தல் வந்தபோது, பிளைட் கம்ரியும் பசுமைக் கட்சியும் லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் ஜேன் டாட்ஸுக்கு வழிவிட்டுத் தாங்கள் போட்டியிடாமல் விலகிக்கொண்டன. அவர் 1,425 வாக்கு வித்தியாசத்தில் கன்சர்வேட்டிவை வென்றார். அதே ஆண்டு டிசம்பரில் தொகுதி மறுபடியும் கன்சர்வேட்டிவிடம் போய்விட்டது என்பது வேறு. மன்றத்தில் எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பதற்கு இது சான்றாகாது. யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை நடத்திப் பழக்கம் இருந்தது என்பதை மட்டும் இது காட்டும்.

சுயேச்சைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் அந்தச் சொல்லைக் கேட்டாலே மனத்தில் வருவது வேறு. 1996-இல் மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியில் விவசாயிகள் தங்கள் குறையை நாடு திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சுயேச்சைகளாக மனுத் தாக்கல் செய்து, வேட்பாளர் எண்ணிக்கை 1,033 ஆகி, வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சானதை நாம் மறக்கவில்லை. அது ஒரு போராட்ட முறை. பாவிஸ் சுயேச்சை அப்படிப்பட்டவர் அல்லர். நம் கிராம ஊராட்சித் தலைவர் கட்சிச் சின்னம் இல்லாமல், "எங்கள் ஊர்க்காரர், பால் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவர்" என்ற நம்பிக்கையின்மேல் வெற்றி பெறுகிறாரே, அந்த வகையைச் சேர்ந்தவர் அவர். 2017 தேர்தலில் 73 இடங்களில் 30 இடங்களைச் சுயேச்சைகள் பிடித்தார்கள். 19 கன்சர்வேட்டிவ்களுடன் சேர்ந்து, சுயேச்சையான ரோஸ்மேரி ஹாரிஸ் தலைமையில் ஆட்சி செய்தார்கள். 49 பேர் கொண்ட வலுவான பெரும்பான்மை அது. 2022-இல் மன்றத்தின் இடங்கள் 68 ஆகக் குறைந்தன, சுயேச்சைகள் 30-இலிருந்து 17-க்கு இறங்கினார்கள். அந்த 17 பேரும் ஒரு கட்சி அல்லர். பொதுத் தேர்தல் அறிக்கை கிடையாது, கொறடா கிடையாது. 17 என்று நாம் கூட்டலுக்காக ஒரே கட்டமாக எழுதுகிறோமே தவிர, மன்றத்தில் அது பதினேழு தனித்தனி ஒன்றுகள். ஆகையால் நீங்கள் 33-க்கு எதிராக வைத்த 31 காகிதத்தில் இருக்கும் 31 தான்.

தலைவரானவர் தன் நிர்வாகக் குழுவைத் தானே அமைத்துக்கொள்கிறார். பொதுவாக அவரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மேல் போகக் கூடாது. பாவிஸில் லேபர் கட்சியின் மாத்யூ டாரன்ஸ் துணைத் தலைவரானார். 9 பேர் வைத்திருந்த கட்சிக்குத் துணைத் தலைமையும் துறைகளும் கிடைத்ததிலிருந்தே அந்த 9-இன் விலை தெரியும். உங்கள் தங்கையின் தோழர்கள் ஆளுக்கொரு கட்சியைச் சொன்னதில் வியப்பில்லை. இரு கட்சியைச் சொன்னவர்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். 2024-இல் கிப்சன்-வாட் விலகி, அதே கட்சியின் ஜேக் பெரிமன் தலைவரானார். அதற்கும் பொதுத்தேர்தல் தேவைப்படவில்லை, மன்றத்தின் வாக்கே போதுமானதாக இருந்தது.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். தலைவர் தேர்தலில் தப்பிப்பது ஒரு நாள் வேலை. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 11-க்குள் வரவுசெலவுத் திட்டத்தையும் வீட்டு வரி விகிதத்தையும் மன்றம் நிறைவேற்றியாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெரும்பான்மை இல்லாத கூட்டணிக்கு மெய்யான தேர்வு அந்தப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான். வரியை உயர்த்தினால் ஒரு பக்கம், சிறிய பள்ளியை மூடினால் மறுபக்கம் என்று 35 பேர் ஒன்றுசேர்வதற்கான காரணத்தை அந்தப் பருவம் தானாகவே உண்டாக்கிக் கொடுக்கும்.

பல்லடம் தறிக்காரர்:

பவானிசாகர் ஐயாவின் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் அதில் உள்ள நியாயம்தான் புரியவில்லை. நான் பல்லடத்தில் விசைத்தறி வைத்திருப்பவன். நூல் வாங்கும்போது எந்த ரகம், என்ன விலை என்று முன்கூட்டியே பேசித்தான் வாங்குகிறேன். நம் மாநிலத்தில் கூட்டணி என்றால் வாக்குப்பதிவுக்கு முன்பே தொகுதிப் பங்கீடு முடிந்துவிடும். யாருக்கு வாக்களித்தால் யாருடைய ஆட்சி வரும் என்று வாக்காளருக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்றால் மாற்றிப் போடலாம். பாவிஸில் லேபருக்கு வாக்களித்தவர், "என் வாக்கைக் கொண்டு லிபரல் டெமாக்ரட்டைத் தலைவராக்குங்கள்" என்று எங்கே சொன்னார்? 68-இல் 24 என்பது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். மீதி மூன்றில் இரண்டு பங்கு வேறு ஆட்களை அனுப்பியிருக்கிறது. அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை என்பதையே ஆளும் தகுதியாகக் காட்டுவது, எதிர் வரிசைத் தறிகள் ஓடவில்லை என்பதற்காக என் துணி நல்ல துணி என்று சொல்வதைப் போலிருக்கிறது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. இப்படி ஒவ்வொரு வாக்கும் விலைமதிப்புடையதாக இருக்கும் இடத்தில், நம் ஊரில் மறைமுகத் தேர்தலுக்கு முன்னால் கவுன்சிலர்களை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் எங்கோ ஓட்டலில் தங்கவைக்கிறார்களே, அது அங்கே நடக்காதா? மனிதர்கள் எல்லா ஊரிலும் மனிதர்கள்தானே ஐயா.

பவானிசாகர்:

தம்பி, தறிக்காரரின் பேச்சு தறிக்காரருக்கே உரியது. தறி உவமையை நான் மறுக்கப் போவதில்லை. தேர்தலுக்குப் பின் அமையும் கூட்டணியில் வாக்காளரின் பிடி தளர்ந்துதான் இருக்கிறது. இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டை நானே தருகிறேன். அதே 2022-இல் நீத் போர்ட் டால்பட் மன்றத்தில் மொத்தம் 60 இடங்கள். 1996-இல் மன்றம் தொடங்கியது முதல் அதை லேபர் கட்சி ஆண்டுவந்தது. அந்தத் தேர்தலிலும் மிகப் பெரிய கட்சி லேபர்தான், ஆனால் பெரும்பான்மை போய்விட்டது. சுயேச்சைகளும் பிளைட் கம்ரியும் கைகோத்து, சுயேச்சையான ஸ்டீவ் ஹன்ட் தலைவரானார். பெரிய கட்சி என்பதற்கு அங்கே சட்டத்தில் தனி உரிமை எதுவும் கிடையாது என்பதற்கு இது சான்று. ஆசிரியை அம்மணி கேட்ட "யாரை முதலில் அழைப்பார்கள்" என்பதற்கும் இதுவே விடை.

எல்லா இடத்திலும் கூட்டல் இவ்வளவு இழுபறியாக இருந்துவிடவில்லை. டென்பிஷயரில் 48-இல் லேபருக்கு 19, பிளைட் கம்ரிக்கு 8. சேர்த்தால் 27, தெளிவான பெரும்பான்மை. கார்மார்தென்ஷயரைப் பார்த்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அங்கே 75 இடங்களில் 38 இடங்களைப் பிளைட் கம்ரி தனியாகவே பிடித்தது. தேவையான எண்ணிக்கை கையில் இருந்தும், முன்பு துணைநின்ற சுயேச்சைகளைச் சேர்த்துக்கொண்டே நிர்வாகம் அமைத்தது. ஒருவர் மறைந்தாலோ மாறினாலோ இடைத்தேர்தலில் தோற்றாலோ 38 என்பது 37 ஆகிவிடும். ஒற்றை ஆளின் பெரும்பான்மையை நம்பித் தூங்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. (அந்தத் தேர்தலில் அவர்களுடைய மன்றத் தலைவர் எம்லின் டோல் தன் சொந்த வார்டிலேயே தோற்றுப்போனார், வெற்றி பெற்ற கட்சிக்குத் தலைவர் இல்லாமல் போன விந்தை அது.)

வேனில் ஏற்றுவதைப் பற்றிக் கேட்டீர்கள். மனிதர்கள் மனிதர்கள்தான், அதனால் அவர்களைப் புனிதர் ஆக்கப் போவதில்லை. கட்சி மாறினாலும் பதவி போகாது என்பதும் அங்கே உண்மை. கட்சித் தாவலைத் தடுக்கும் நம் அரசமைப்பின் பத்தாவது அட்டவணைகூட நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் உரியதுதான். ஆனால் தோற்ற பக்கத்துக்கு அங்கே முழுப் பட்டினி இல்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1989-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, நிர்வாகக் குழுவைத் தவிர்த்த மற்றக் குழுக்களில், அதாவது திட்ட அனுமதிக் குழு, ஆய்வுக் குழுக்கள் ஆகியவற்றில், ஒவ்வோர் அணிக்கும் மன்றத்தில் உள்ள பலத்துக்கு ஏற்ற விகிதத்தில் இடம் தர வேண்டும். அணி என்றால் குறைந்தது இருவர் வேண்டும். தனி ஒருவராக வென்றவர் இன்னோர் அணியோடு சேர்ந்து உட்கார்வது இதனால்தான். நம் ஒன்றியங்களில் தலைவர் பதவி போனால் எல்லாம் போயிற்று என்கிற நிலை. எவ்வளவு வேலையை எந்த வார்டுக்குக் கொடுப்பது என்பது தலைவரின் அறையில் முடிவாகிறது. ஆகவே ஒவ்வொரு வாக்கும் வாழ்வா சாவா என்று ஆகிவிடுகிறது. விகிதப்படி இடம் உறுதியாக இருக்கும் இடத்தில் அந்தக் காய்ச்சல் சற்றுக் குறையும். நான் பணியில் இருந்தபோது மறைமுகத் தேர்தல் நாளில் போதிய உறுப்பினர் வராமல் கூட்டத்தை ஒத்திவைத்து, பதிவேட்டில் கையெழுத்திட்டு, ஆளில்லாத நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு வீடு திரும்பிய மாலைகளை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

பல்லடம் தறிக்காரர்:

குழு இடங்கள் பற்றிய செய்தி எனக்குப் புதிது, ஐயா, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் வாக்காளரிடம் முன்கூட்டியே சொல்லாத கூட்டணி என்பதில் என் கருத்து மாறவில்லை. நீத் போர்ட் டால்பட் எடுத்துக்காட்டு என் பக்கத்தைத்தான் பலப்படுத்துகிறது. சுயேச்சைக்கு வாக்களித்தவர் தம் ஊர்க்காரரைத் தேர்ந்தெடுத்தாரா, பிளைட் கம்ரியோடு சேர்ந்த ஆட்சியைத் தேர்ந்தெடுத்தாரா?

நொய்யல் நங்கை:

அக்கா, நான் கரூரைச் சேர்ந்தவள். ஸ்வான்சியில் ஏழு ஆண்டுகளாக வசிக்கிறேன். பெரியவர்கள் இருவரும் கூட்டணிக் கணக்கை அலசிவிட்டார்கள். உங்கள் தங்கை முதலில் கேட்டது "எனக்கு எதற்கு இந்தக் கடிதம்" என்பது. அதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், சட்டப்படி இங்கே வசித்தால், மன்றத் தேர்தலில் மட்டுமல்ல, பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். வேல்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், 2021-இல் இயற்றிய உள்ளாட்சி மற்றும் தேர்தல் சட்டத்தின் மூலம், சட்டப்படி வசிக்கும் எந்த வெளிநாட்டவருக்கும் மன்றத் தேர்தலில் வாக்குரிமை கொடுத்துவிட்டது. பதினாறு, பதினேழு வயதினரும் 2022-இல் மன்றத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார்கள். ஆசிரியை அக்காவின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் இதைக் கேட்டால் வகுப்பில் சத்தம் அடங்காது. நாடாளுமன்றத் தேர்தலுக்குப் புகைப்பட அடையாள அட்டை கேட்பார்கள். வேல்ஸ் மன்றத் தேர்தலுக்கு அது தேவையில்லை. பாவிஸ் மன்றத்துக்கு அடுத்த பொதுத்தேர்தல் 2027 மே மாதம். கடிதத்துக்குப் பதில் அனுப்பாமல் விட்டால் நினைவூட்டல் வந்துகொண்டே இருக்கும், ஆகவே உடனே அனுப்பச் சொல்லுங்கள்.

பல்லடத்து அண்ணாவின் குறைக்கு அந்தச் சட்டத்திலேயே ஒரு மருந்து இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இப்போதைய முறையில் வார்டில் அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி பெறுவார், நம் ஊரைப் போலவே. அதை விட்டுவிட்டு, வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறைக்கு ஒரு மன்றம் தானே விரும்பி மாறிக்கொள்ளலாம். அப்படி வரிசை எழுதும்போது "என் கட்சி இல்லையென்றால் அடுத்தது யார்" என்பதையும் வாக்காளரே சொல்லிவிடுகிறார் அல்லவா? ஆனால் அதற்கு மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. பாவிஸில் அது 46 பேர். 2022-இல் 33 பேரை வைத்து வண்டியோட்டத் தொடங்கிய கூட்டணிக்கு 46 என்பது எவ்வளவு தூரம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, பாடத்துக்குப் பயன்படலாம். வெல்ஷ் மொழியில் மன்றத்துக்குக் 'கங்கோர்' என்று பெயர். அறிவுரை என்பதற்கும் அதே சொல்தான். என் பக்கத்து வீட்டுப் பாட்டி இதைச் சொல்லிவிட்டு, "அறிவுரை நிறையக் கிடைக்கும், சாலைப் பள்ளம் மட்டும் அப்படியே இருக்கும்" என்று சிரித்தார்.

கோபி ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. இன்று வகுப்பில் கரும்பலகையில் ஆறு எண்களையும் எழுதி, கட்சிப் பெயர்களைச் சொல்லாமல், "இவர்களில் யார் ஆள்வார்கள்?" என்று கேட்டேன். பெரும்பாலோர் 24 என்றார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து, 17-ஐயும் 14-ஐயும் 3-ஐயும் 1-ஐயும் கூட்டி 35 என்று சொல்லி, "இந்த ஒருவருக்குத்தான் மிஸ் எல்லோரும் டீ வாங்கிக் கொடுப்பார்கள்" என்றாள். பல்லடம் அண்ணாவின் கேள்வியையும் அப்படியே எழுதிப் போட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது, மணி அடித்ததால் முடிவு எடுக்க முடியவில்லை. நாளைய பாடவேளையில் வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையில் வகுப்புத் தலைவர் தேர்தலை நடத்திப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

தங்கை படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டாள். இரவுப் பணி முடிந்து வரும்போது இல்லத்துக்குப் பக்கத்து நிறுத்தத்தில் பேருந்து நிற்பதில்லையாம். தன் வார்டு உறுப்பினருக்கு எழுதினால், அவர் கூட்டணிக்கு வெளியே இருப்பவரானாலும், பதில் வருமா என்று கேட்கிறாள்.

நொய்யல் நங்கை:

எழுதச் சொல்லுங்கள் அக்கா. வார்டு உறுப்பினர் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்த வார்டுக்காரரின் கடிதத்துக்குப் பொறுப்பு அவருடையதுதான். மன்றத்தின் இணையதளத்தில் தன் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் பெயரும் மின்னஞ்சலும் வரும். பேருந்தின் தட எண்ணையும், நிற்காமல் போன நாட்களையும், நேரத்தையும் குறித்து அனுப்பினால் அதிகாரிகளிடம் கேட்பதற்கு அவருக்கு வசதியாக இருக்கும்.